ரஜிதா விளக்கு வைக்காத அந்தி

மருமகளின் தேதியைத் தெரிந்துகொள்ளத் தங்கமணியம்மாவுக்கு நாள்காட்டி தேவையில்லை. அந்த வீட்டில் அந்தி விளக்கு வைப்பது ரஜிதாவின் வேலை. மாதத்தில் ஐந்து நாள் அவள் ஒதுங்கிக்கொள்வாள், மாமியார் வைப்பாள். ஓணத்துக்கு முந்தின வாரம் அப்படி வைத்தவள், டிசம்பர் பிறந்தும் தீப்பெட்டியைத் தொடவில்லை. மகன் ஷினோஜ் ஓணத்துக்குத் துபாயிலிருந்து வந்து இருபது நாள் இருந்துவிட்டுப் போயிருந்தான். இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது?

மருமகளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அந்தப் பொறுமையெல்லாம் தங்கமணியம்மாவுக்குக் கிடையாது. நேரே வேலியோரம் போய் அடுத்த வீட்டு ஓமனாவிடம் சொன்னாள். ஓமனாவிடம் சொன்னால் செர்ப்புளச்சேரி முழுக்கச் சொன்ன மாதிரி.

அன்று வேலை முடிந்து வந்த ரஜிதாவின் தட்டில் சோறு நெய்யில் மிதந்தது. பக்கத்தில் இரண்டு நேந்திரம்பழம்.

"என்னம்மே இது?"

"தின்னுடீ மோளே. இனிமே நீ ஒரு ஆளுக்கா திங்கிறே?"

ரஜிதாவுக்கு அது பிள்ளை இல்லை என்று தெரியும். அவள் நர்ஸ். மூன்று முறை தானே பரிசோதித்துப் பார்த்துவிட்டாள். மூன்று முறையும் ஒற்றைக் கோடுதான், கர்ப்பம் இல்லை.

ஜெர்மனிக்கு வேலைக்குப் போக ஜெர்மன் பரீட்சை தேற வேண்டும். இரண்டு முறை எழுதி, காதால் கேட்டு எழுதும் தாளில் இரண்டு முறையும் கோட்டை விட்டிருந்தாள். மூன்றாவது ஜனவரியில். விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து படிப்பு, பிறகு வார்டு, பிறகு போனில் வகுப்பு. ஒரு தோசையில் பகல் ஓடியது. எட்டு கிலோ இறங்கி, சீருடையை இடுப்பில் ஊக்கு குத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள். மெலிந்ததில் கொஞ்சம் சந்தோஷம்கூட.

முப்பத்தோரு வயதில் மாதவிலக்கு அடியோடு நின்றுபோன ஒரு பெண்ணை வார்டில் பார்த்திருக்கிறாள். தனக்கும் அதுதான் என்று மனதுக்குள் தீர்ப்பு எழுதிவிட்டாள். வயிற்றில் பிள்ளை என்று ஊர் சந்தோஷப்பட, இனிப் பிள்ளையே இல்லை என்று அவள் செத்துக்கொண்டிருந்தாள். அந்தியில் திரி பற்றும்போதெல்லாம், இன்றைக்கும் வரவில்லை என்று நினைப்பாள்.

தன் ஆஸ்பத்திரியில் காட்ட வெட்கம். ஒற்றப்பாலத்தில் டாக்டர் ஜெஸ்ஸியிடம் போனாள். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் பார்த்தார்கள்.

"தைராய்டு சரி. சினைப்பை நல்லா இருக்கு. நீ பயப்படுற மாதிரி எதுவும் நின்னு போகல" என்றார் டாக்டர். "ஆமா, ஒரு நோயாளி வந்து, நாலு மணி நேரம் தூங்குறேன், ஒரு தோசை திங்கிறேன், எந்நேரமும் பரீட்சை பயம்னு சொன்னா நீ என்ன சொல்லுவே?"

ரஜிதா இடுப்பில் குத்தியிருந்த ஊக்கை விரலால் மூடினாள்.

"உன் மூளை பஞ்சம்னு நினைச்சுடுச்சு. பஞ்சத்துல பிள்ளை எதுக்குன்னு அந்த வேலையை மட்டும் நிறுத்தி வச்சிருக்கு. வயிறார சாப்பிடு, தூங்கு. பரீட்சையைத் தள்ளிப் போடு."

"எப்போ வரும், டாக்டர்?"

"தேதி கேக்காதே. தேதியைப் பார்த்துப் பார்த்துத்தான் இங்க வந்து நிக்கிறே. சில மாசம் ஆகலாம். நடுவுல வந்து காட்டு."

வீட்டுக்கு வந்து செருப்பைக் கூடக் கழற்றாமல் சொன்னாள். "அம்மே, வயித்துல ஒண்ணும் இல்லை. மூணு மாசமா வரவே இல்லை. வயிறாரத் தின்னாத்தான் வரும்னு டாக்டர் சொன்னாங்க."

தங்கமணியம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "கள்ளி! ஓமனாகிட்ட சொல்லிட்டேனேடீ!"

இரண்டு நாள் ரஜிதா தானே சோறு போட்டுத் தின்றாள். மலடி என்ற சொல் எப்போது வரும் என்று ரஜிதா காத்திருந்தாள். மூன்றாம் நாள் தட்டு வந்தது. அதே நெய்.

"டாக்டர் தின்னத்தானே சொன்னா? அதை முதல்லயே சொல்றதுக்கென்ன? பிள்ளைக்குன்னா நெய் ஊத்துவேன், உனக்குன்னா ஊத்த மாட்டேன்னு நினைச்சியா?"

ரஜிதா தட்டை இழுத்துக்கொண்டாள். அழுதுகொண்டே தின்றாள்.

பிரசவம் எப்போது என்று கேட்ட ஓமனாவிடம், "நான் போட்ட கணக்கு தப்பு. பள்ளிக்கூடத்துலயே கணக்குல முட்டை வாங்கினவதானே நான்!" என்று சொல்லி வாயை அடைத்தாள் தங்கமணியம்மா.

பரீட்சை ஏப்ரலுக்குத் தள்ளிப் போயிற்று. மாதவிலக்கு ஜனவரியில் வரவில்லை. சீருடையில் ஊக்கு தேவைப்படாமல் போயிற்று, பிப்ரவரியிலும் வரவில்லை. டாக்டர் பார்த்து, சரியான வழியில்தான் போகிறது என்றார். ரஜிதா நம்பவில்லை. தீக்குச்சி உரசும் சத்தமே அவளுக்குப் பிடிக்காமல் போயிற்று.

மார்ச்சில் ஒரு நாள் காலையிலிருந்து இடுப்பு வலித்தது. உட்கார்ந்து படித்ததால் இருக்கும் என்று விட்டுவிட்டாள். சாயங்காலம் குளிக்கப் போனவள் வெளியே வர வெகுநேரமாயிற்று.

"இருட்டப் போகுது மோளே, விளக்கு வைக்கலையா?"

ரஜிதா கதவோரம் ஒதுங்கி நின்றாள். "நீங்க வைங்க, அம்மே."

தங்கமணியம்மா திரும்பி அவள் முகத்தைப் பார்த்தாள். தீப்பெட்டியை எடுத்தாள். இரண்டு குச்சி ஒடிந்தது. மூன்றாவது பற்றியது. விளக்கை வாசலுக்குக் கொண்டுவந்தாள்.

வேலிக்கு அப்பாலிருந்து ஓமனா கேட்டாள். "என்ன தங்கமணி, இன்னைக்கு நீயா? ரஜிதா ஊர்ல இல்லையா?"

இந்த விஷயத்தை அந்தத் தெருவில் யாரும் உரக்கப் பேசுவதில்லை. பிள்ளை என்று சொன்ன அன்றைவிட உரக்கக் கத்தினாள் தங்கமணியம்மா.

"இங்கதான் இருக்கா! நல்லா இருக்கா! அஞ்சு நாளைக்கு நான்தான் வைப்பேன்!"