ஃபஹ்மியாவின் இரண்டாவது அறிக்கை

புத்தளம் பக்கம், முந்தலுக்கு அருகே ஒரு இறால் பதனிடும் கம்பனி. அதன் கம்ப்யூட்டர் பிரிவு என்றால் ஒரு அறை, ஒரு ஏசி, ஒரு ஃபஹ்மியா. தொண்ணூறில் மற்ற முஸ்லிம்களோடு மன்னாரில் இருந்து விரட்டப்பட்டு வந்த குடும்பம். இவள் பிறந்தது புத்தளத்தில், ஓலைக் கொட்டிலில். கொழும்புக்கு பஸ்ஸில் போய் வந்தே டிப்ளோமா முடித்தவள். அதே கம்பனியில் ஸ்டோர் கிளார்க்காக இருந்த எனக்கு அவளிடம் கொஞ்சம் பயம். பிரின்டரில் தாள் சிக்கினாலும் எங்களைத்தான் குற்றவாளி மாதிரிப் பார்ப்பாள். அவளுடைய மெஷின்கள் பிழை விடாதாம், பிழை விடுவதெல்லாம் நாங்களாம்.

2017இல் கம்பனி புதிய நுழைவு மென்பொருள் ஒன்றை வாங்கியது. ஒரு பெயர், ஒரு கடவுச்சொல். அதைக் கொடுத்தால் சரக்கு, குளிர் அறை, சம்பளம் எல்லாப் பக்கமும் அவரவர் தகுதிக்கேற்பத் திறக்கும். அதைக் கொண்டு நடத்தியவள் ஃபஹ்மியா.

அடுத்த வருடம் செப்டெம்பரில் ஒரு கொள்கலன் இறாலை வெளிநாட்டு வாடிக்கையாளர் திருப்பி அனுப்பிவிட்டார். குளிர் அறையில் சூடு ஏறியதால் நிறுத்தி வைத்த சரக்கு அது. ஆகஸ்டில் அதை ஏற்றலாம் என்று கம்ப்யூட்டரில் அனுமதி கொடுத்திருந்தது குளிர் அறை மேற்பார்வையாளர் உமாசுதனின் பெயர். பக்கத்து ஊரான உடப்புக்காரர், பதினொரு வருடச் சேவை. அவர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். அன்றைக்கு அவர் லீவு. திரௌபதி அம்மன் கோயில் தீமிதிப்புக்குக் காப்புக் கட்டியிருந்தார். காப்புக் கட்டினால் அவர் ஊர் எல்லை தாண்டுவதில்லை.

முகாமையாளர் சாள்ஸ் ஃபஹ்மியாவிடம் அறிக்கை கேட்டார். அவள் பதிவைப் பார்த்தாள். பெயர், நேரம், உள்நுழைவு சரி. அவ்வளவுதான் இருந்தது. அவளோ, உமாசுதனின் கடவுச்சொல் பயன்பட்டிருக்கிறது, அதை அவர் யாருக்கோ கொடுத்திருக்க வேண்டும் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டாள். உமாசுதனை வீட்டில் இருக்கச் சொன்னார்கள். விசாரணை என்பது பேருக்கு. மாத முடிவில் வேலை போய்விடும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மூன்றாவது வாரம் குளிர் அறை வாசலில் இருக்கும் கம்ப்யூட்டருக்குக் கீபோர்ட் மாற்றப் போனாள் ஃபஹ்மியா. அங்கே குளிர் அறைத் தொழிலாளி சுல்பா வேலையில் நின்றாள். முழங்கை வரை ரப்பர் கையுறை, அதில் ஐஸ்தண்ணீர். புதுக் கீபோர்ட்டில் ஒற்றை விரலால் மேற்பார்வையாளரின் பெயரைத் தட்டினாள். கடவுச்சொல் கட்டத்தை வெறுமையாக விட்டு என்டரை அழுத்தினாள். திறந்தது.

என்ன செய்தீர்கள் என்று ஃபஹ்மியா கேட்டாள். சுல்பாவுக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை.

"கையுறையோட பாஸ்வேர்ட் தட்டேலா எண்டு நீங்கதானே மகள் லேசாக்கித் தந்தீங்க. போன வருசம் நன்றியும் சொன்னேனே."

சொன்னதுதான். தனக்கு வரவேண்டிய பல நன்றிகளோடு அன்று அதையும் சேர்த்து வைத்துக்கொண்டாள் ஃபஹ்மியா, எதற்கு என்று கேட்கவில்லை. முப்பது பெண்கள் ஒரு வருடமாக அப்படித்தான் திறந்து வந்தார்கள். யாரும் மறைக்கவில்லை, ஒஃபிஸ் பார்த்துச் செய்த உதவி என்றே நினைத்தார்கள். ஆகஸ்டில் லொறி காத்து நின்ற அன்று அனுமதி அழுத்தியதும் சுல்பாதான். தடை அறிவித்தல் இங்கிலீஷில் இருந்ததாம்.

ஃபஹ்மியா அறைக்கு வந்து, கடவுச்சொல் இல்லாமல் தன் பெயரில் சோதித்தாள், திறந்தது. சாள்ஸின் பெயரில் சோதித்தாள், எல்லோருடைய சம்பளமும் திறந்தது. விஷயம் இதுதான்: மென்பொருள் பெயரையும் கடவுச்சொல்லையும் பெயர்ப்பட்டியல் வைத்திருக்கும் சேர்வரிடம் கொடுத்துக் கேட்கும். கடவுச்சொல் வெறுமையாக வந்தால் சேர்வர், 'யாரோ பெயர் தெரியாதவர், வந்து பார்த்துவிட்டுப் போகட்டும்' என்று சரி சொல்லும். அந்தச் சரியைக் கேட்டு மென்பொருள் உரியவரே வந்துவிட்டார் என்று கதவைத் திறந்துவிடும். இதற்குத் திருத்தம் வந்து ஐந்து மாதம். ஃபஹ்மியாவின் மின்னஞ்சலில் பிரிக்காமல் கிடந்தது.

திருத்தத்தைச் சத்தமில்லாமல் போட்டுவிட்டால் ஓட்டை அடைபட்டுவிடும். உமாசுதனின் கதையும் அதோடு முடிந்துவிடும். பகல் சாப்பாட்டு நேரம் முழுக்க அதைத்தான் யோசித்ததாக என்னிடம் சொன்னாள். அதை ஒளிக்காமல் சொன்னதில் எனக்கு அவள்மேல் மரியாதை வந்தது.

ளுஹர் தொழுதுவிட்டுச் சாள்ஸின் அறைக்குப் போனாள். அவர் கண் முன்னாலேயே அவர் பெயரைத் தட்டி, மற்றக் கட்டத்தை விட்டுவிட்டுத் திறந்து காட்டினாள். சாள்ஸ் அந்தப் பக்கத்தை மூடினார். பிறகு, உமாசுதனை எச்சரித்துத் திரும்ப எடுக்கலாம், அறிக்கையைத் தொட வேண்டாம், சுல்பாவை நிறுத்தினால் போதும் என்றார்.

"அறிக்க பிழை சேர். பிழையா எழுதினது நான்," என்றாள் ஃபஹ்மியா.

இரண்டாவது அறிக்கையைக் கையாலேயே எழுதினாள். பதிவில் பெயர் மட்டுமே இருந்தது, கடவுச்சொல் என்று தான் எழுதியது ஊகம், சுல்பா போனது கம்பனி திறந்து வைத்திருந்த வழியில். எச்சரிக்கைக் கடிதம் ஃபஹ்மியாவுக்கு வந்தது. சுல்பா வேலையில் இருந்தாள்.

திங்கட்கிழமை உமாசுதன் வந்தார். கம்பனி கேட்டடியில் காத்து நின்று ஃபஹ்மியா மன்னிப்புக் கேட்டாள்; சேர்வர் எப்படிச் சரி சொல்கிறது என்பதையெல்லாம் விளக்கினாள். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டு நின்றார்.

"அதெல்லாம் எனக்கு விளங்காது மிஸ். நான் கோயிலடியில நிண்டதை ஊரே பாத்தது. எழுத முந்தி ஆராவது ஒருக்கா வந்து கேட்டிருக்கலாம்."

கம்பனியில் இருந்து உடப்புக்கு பஸ்ஸில் அரை மணி நேரம். அவள் போகவில்லை. நானும் போகவில்லை.