அப்பாவின் பை முன்னால் உட்கார்ந்த நாய்

நாய் குரைத்திருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். மைசூர் பஸ் ஸ்டாண்டில் பைகளை வரிசையாக வைக்கச் சொல்லி ஒவ்வொன்றாய் மோந்து வந்த போலீஸ் நாய், அப்பாவின் மஞ்சள் பை முன்னால் சமர்த்தாக உட்கார்ந்துவிட்டது. வெடிமருந்து வாசனை பட்டால் உட்காரத்தான் அதைப் பழக்கியிருந்தார்கள்.

தொண்ணூறுகளின் கடைசி, தசரா சமயம். நான் மைசூரில் எம்.எஸ்சி. இயற்பியல் படித்துக்கொண்டிருந்தேன். அப்பா ஹனூர்ப் பக்கம் கல்குவாரியில் பாறைக்கு வெடி வைப்பவர். அம்மா சுட்ட கச்சாயத்தைக் கொடுக்க வந்திருந்தார். அழைத்துப் போக நான் நின்றிருந்தேன்.

"யாரது ஈ பேகு?" என்று பை யாருடையதெனப் போலீஸ்காரர் கன்னடத்தில் அதட்டினார்.

அப்பாவுக்குக் கன்னடம் நன்றாகவே வரும். பயத்தில் தமிழ்தான் வந்தது. "என்னுதுங்க. பலகாரமுங்க."

பக்கத்தில் நின்றவர்கள் விலகினார்கள். தமிழ் காதில் விழுந்ததும் இன்னும் கொஞ்சம் விலகினார்கள்.

பையைக் கொட்டிப் பார்த்தார்கள். கச்சாயம் வைத்த தூக்குப்போசியும் ஒரு துண்டும்தான். நாய் எழுந்திருக்கவில்லை. எனக்கு விளங்கிவிட்டது. குவாரியில் நிழல் என்று இருப்பது வெடிமருந்துக் கொட்டகை ஒன்றுதான். சோறு ஊசிப்போகாமலிருக்க எல்லாரும் சோற்றுப் பையை அங்கேதான் மாட்டுவார்கள். அந்தப் பையிலேயே கச்சாயத்தைப் போட்டுக்கொண்டு தசராக் கூட்டத்துக்குள் வந்திருக்கிறார் மனுஷர்!

அந்த வாரம்தான் எங்கள் பேராசிரியர் டெராஹெர்ட்ஸ் கதிர்களைப் பற்றிச் சொல்லியிருந்தார். அவை துணியை ஊடுருவுமாம். ஒவ்வொரு பொருளும் அவற்றைத் தனக்கே உரிய விதத்தில் உறிஞ்சுமாம். பைக்குள் இருப்பது சர்க்கரையா வெடிமருந்தா என்று திறக்காமலே சொல்லும் காலம் வரும் என்றார். நான் குறிப்பெடுத்து மகிழ்ந்திருந்தேன். இப்போது எதிரே நாய் உட்கார்ந்திருந்தது. மருந்து பட்டிருக்கிறது என்று அது சொல்லிவிட்டது. எப்படிப் பட்டது என்று அது சொல்லாது, எந்தக் கதிரும் சொல்லாது. அதை அப்பாவை அடித்துத்தான் கேட்பார்கள் என்று நினைத்தேன்.

உண்மையைச் சொன்னால் மாட்டுவாரா, மறைத்தால் மாட்டுவாரா? கடைசியில் எல்லாவற்றையும் கன்னடத்தில் சொல்லிவிட்டேன்.

ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அப்பா தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். குவாரி முதலாளிக்குப் போன் போட்டு விசாரித்துவிட்டுச் சாயங்காலம் விட்டார்கள். அடிக்கவில்லை. பையை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

அடுத்த முறை அப்பா வெறுங்கையோடு, புதுச்சட்டை போட்டுக்கொண்டு வந்தார். ஹாஸ்டல் வாசலில் வழக்கம்போல ஓடிப்போய்க் கையைப் பிடிக்கப் போனேன். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"தொடாத கண்ணு. தேச்சுத் தேச்சுத்தான் குளிச்சேன், போச்சோ என்னமோ தெரீல. உன்ற மேல ஒட்டிக்கிட்டா அந்த நாயி உன்ற முன்னால வந்து உக்காந்துக்கும்."