எண்ணெய் குடித்த டபுள் பேஸ்

எங்கள் மெல்லிசைக் குழுவில் நான் வாசித்தது டபுள் பேஸ். ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் பெரிய பிடில் என்று வைத்துக்கொள்ளுங்கள். நின்றுகொண்டே விரலால் மீட்ட வேண்டும். அரியலூரில் அதைப் பார்த்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி: "இதுல என்னா சார் சத்தம் வரும்?" எத்தனை பேருக்குத்தான் பதில் சொல்வது? நான் வாசிப்பது யார் காதிலும் விழாது. நிறுத்தினால்தான் பாட்டு சப்பென்று ஆகிவிட்டது என்பார்கள்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு கார்த்திகை மாதம். பாடாலூரில் கல்யாணக் கச்சேரி முடித்துத் திரும்பும்போது, வேன் பள்ளத்தில் குதித்ததில் கயிறு அறுந்து மேலே கட்டியிருந்த பேஸ் ரோட்டில் விழுந்தது. முன்பலகை மேலிருந்து கீழ்வரை பிளந்துவிட்டது. இறுக்கிக் கட்டுங்கள் என்று சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம். குழுவை நடத்தியவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

"தை பொறக்கறதுக்குள்ள சரி பண்ணிட்டு வாங்க. இல்லேன்னா பெரம்பலூர்ல ஒருத்தர் கரண்ட் கிடார் வச்சிருக்காரு. அவரப் போட்டுக்குறேன்" என்றார்.

ஒன்பது வருஷம் கூட நின்றவனிடம் பேசுகிற பேச்சா இது? ஆனால் அந்த மேடையை விட்டால் எனக்கு வேறு மேடை கிடையாது.

மார்கழியில் பேஸை ஜமுக்காளத்தில் சுற்றி, ரயிலில் ஏற்றத் தகராறு செய்து, திருச்சிக்குக் கொண்டுபோனேன். மாதா கோயில் வாத்தியங்களைப் பழுது பார்ப்பவர் ஒருவர் அங்கே இருந்தார். பிளவில் விரலை ஓட்டினார். முகர்ந்து பார்த்தார். ஒரு தாளைக் கிழித்து மரத்தின் மேல் வைத்து அழுத்தி எடுத்தார். தாளில் கறை.

"யாருங்க இதுக்கு எண்ணெ போட்டது?"

நான் ஜமுக்காளத்தை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன்.

"வருஷக்கணக்கா போட்டிருக்கு. மரம் நல்லா குடிச்சிருக்கு. பசை பிடிக்காதுங்க. ஒட்டுனாலும் கம்பிய இழுத்துக் கட்டுன அன்னைக்கே பொளந்துக்கும்."

"முன்பலகைய மாத்திட்டா?"

"இந்த மரத்துக்கு எங்க போவீங்க? கெடைச்சாலும் புதுசா ஒண்ணு செய்யற வேலை. நானா இருந்தா விட்டுடுவேன்."

எண்ணெய் போட்டது என் மனைவி. ஆயுத பூஜைக்கு மாட்டு வண்டிச் சக்கரத்துக்கும் கலப்பைக்கும் விளக்கெண்ணெய் தடவுவது எங்கள் வீட்டு வழக்கம். கல்யாணமான முதல் வருஷம் வண்டி பளபளவென்று நின்றது, பேஸ் மேல் தூசி. எனக்குச் சுர்ரென்று வந்தது. "வண்டிக்கு இருக்குற மரியாதகூட என் வாத்தியத்துக்கு இந்த வூட்டுல இல்லியா?" என்று கத்தினேன். அடுத்த வருஷத்திலிருந்து அவள் ஒரு தடவைகூட விட்டதில்லை. கை நிறைய எண்ணெய் எடுத்துத் தேய்த்தாள். அந்த மினுமினுப்பை நானும் மெச்சினேன், மடையன்.

திரும்பும் ரயிலில் அவளை என்னென்ன கேட்பது என்று வரிசையாக யோசித்துக்கொண்டே வந்தேன். வாசலில் நின்றிருந்தாள்.

"என்ன சொன்னாங்க?"

"மரம் பழசாம். ஒண்ணும் பண்ண முடியாதாம்."

"நான் இன்னும் கொஞ்சம் நல்லாப் பாத்திருக்கணுங்க" என்றாள். நான் உள்ளே போய்ச் சட்டையைக் கழற்றி எறிந்தேன்.

தை மாதம் பெரம்பலூர்க்காரர் வாசித்தார். எனக்குச் சொல்லிக்கூட அனுப்பவில்லை. பேஸ் நெல் மூட்டைக்குப் பக்கத்தில் சாய்ந்து கிடந்தது. அந்தப் பக்கம் போனாலே எரிச்சல் வந்தது.

அடுத்த ஆயுத பூஜைக்கு அவள் வண்டியை முடித்துவிட்டு எண்ணெய்க் கிண்ணத்தோடு அதன் முன்னால் வந்து நின்றாள்.

"இதுக்கும் போடட்டுங்களா?"

"போடு" என்றேன். வெடுக்கென்றுதான் வந்தது.

பிளவின் ஓரத்தைக்கூட விடாமல் விரலால் தொட்டுத் தொட்டுத் தடவினாள்.

"எவ்ளோ நல்லா வச்சிருந்தோம். ஊர்க்கண்ணு பட்டுருச்சுங்க" என்றாள்.

"ஆமா" என்றேன்.