ஈத்தாம் பார்த்த நாற்காலி

காஜா பேராங்கில் எனக்குப் பக்கத்து வீட்டுக்காரி சாரதாம்பாள். பிறத்தியார் துணிக்கு இஸ்திரி போட்டே ஒற்றை மகனை வளர்த்தவள். மெர்டேக்கா சுதந்திர தினத்துக்குக் கடையெல்லாம் கொடி கட்டிய வாரத்தில், அந்த மகன் சேதுராமன் கடலில் குளிக்கப் போய்ப் பிணமாக வந்தான். அதன் பிறகு அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

அவன் வளர்த்த நாய் மட்டும் மிச்சம். கறுப்பு என்பதால் மலாயில் ஈத்தாம் என்று பெயர் வைத்திருந்தான். பொழுது சாய்ந்தால் அது அவனுடைய பிரம்பு நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து வாலை ஆட்டும். நாற்காலியில் யாரும் இருக்கமாட்டார்கள். எனக்குப் பேயில் நம்பிக்கை கிடையாது, பயம் மட்டும் உண்டு. அந்த நேரத்தில் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டேன்.

அப்போதுதான் ஈத்தாமின் கண்கள் சிவந்து வீங்கின. பீளை வழிந்து இமை ஒட்டிக்கொண்டது. பீளை கட்டிய நாய்க்குச் செத்தவர்கள் தெரிவார்கள் என்று எங்கள் வீட்டு வரிசையில் எல்லோருமே சொல்வோம். சாரதாம்பாள் அந்தப் பேச்சையே பிடித்துக்கொண்டாள். கண்ணைத் துடைக்கக்கூட யாரையும் விடவில்லை. தினமும் நாற்காலி முன்னால் சாம்பிராணி போட்டு, காப்பி வைத்தாள்.

கால்நடை மருத்துவமனையில் மருந்து கட்டும் டிரஸர் கணேசமூர்த்தியை நான்தான் இழுத்து வந்தேன். அவர் நாயின் கீழ் இமையை விலக்கிப் பார்த்தார்.

"புல்லு முள்ளு குத்தி நிக்குதுக்கா. சாம்பிராணிப் புகை வேற. இப்படியே விட்டா கருவிழி புண்ணாயி குருடுதான்."

"கண்ணு தெளிஞ்சா என் புள்ள அதுக்குத் தெரியமாட்டான். நீங்க போங்க தம்பி," என்றாள் சாரதாம்பாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் சாயங்காலம் வேலியோரம் நின்று என்னைக் கூப்பிட்டாள். இரண்டு கண்ணும் கோவைப்பழம். நாயின் பீளையை எடுத்துத் தன் கண்ணில் பூசிக்கொண்டிருக்கிறாள்!

"நாற்காலில யாரோ உக்காந்திருக்காப்ல மங்கலா தெரிஞ்சுதுக்கா. முகம் தெரியல. எரிச்சல் தாங்கல. எனக்கே இப்படின்னா அந்த வாயில்லா ஜீவன் என்ன பாடு பட்டிருக்கும்! தம்பிய வரச்சொல்லுங்க."

திட்டத்தான் வாயைத் திறந்தேன். அழுகை வந்துவிட்டது.

கணேசமூர்த்தி நாயின் கண் மரத்துப்போகச் சொட்டு மருந்து விட்டு, இடுக்கியால் முள்ளை எடுத்தார். காய்ச்சி ஆறவைத்த உப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைக்கச் சொன்னார். ஒரு கண்ணுக்கு வைத்த பஞ்சை மறு கண்ணுக்கு வைக்கக்கூடாது. களிம்பும் கொடுத்தார். சாரதாம்பாளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். சாம்பிராணி நின்றது, காப்பி நிற்கவில்லை.

கொஞ்ச நாளில் இருவர் கண்ணும் தேறின. இனி நாய் அந்தப் பக்கமே திரும்பாதோ என்று அவளுக்குப் பயம். துணைக்கு என்னை உட்காரவைத்தாள்.

பொழுது சாய்ந்ததும் ஈத்தாம் எழுந்து போய் நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்து வாலை ஆட்டியது. சாரதாம்பாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பாக்குதுக்கா!" என்று சிரித்தாள்.

நாய் தலையைத் தூக்கி நன்றாகப் பார்த்தது. வால் நின்றது. முதுகு மயிர் சிலிர்த்தது. அப்படியே பின்னால் நகர்ந்து வந்து, அவளை மறைத்து நின்றுகொண்டு நாற்காலியைப் பார்த்து உறுமியது.

சாரதாம்பாள் என் கையை விட்டுவிட்டு, நாற்காலி முன்னால் வைத்த காப்பியைப் பார்த்தாள்.

"அப்ப இத்தன நாளா நான் யாருக்குக்கா காப்பி வச்சேன்?"