கால்வாய் வளைவில் நின்ற என் முகம்

என் பெயர் சங்கரநாராயணன். மதுரையில், சாலையோர விளம்பரப் பலகைகளுக்கு அனுமதி வழங்கும் பிரிவில் பணிபுரிகிறேன். திருநெல்வேலியிலிருந்து சேரன்மகாதேவிக்குச் செல்ல விரும்புவோருக்கு வழி சொல்வதும், பலகைகளுக்கு ஊர்கள் ஏன் விதி வகுக்கின்றன என்பதை அங்கே நான் கண்டபடி சொல்வதும் இக்கட்டுரையின் நோக்கம்.

இந்த ஆனி மாதம் அக்காள் மகளுக்குத் திருமணம். தாய்மாமன் முந்தைய நாளே போய்விட வேண்டும். காலை ஏழு மணிக்கு மதுரையில் பேருந்து ஏறி, பத்தரைக்குத் திருநெல்வேலி புதிய பேருந்து நிலையத்தில் இறங்கினேன். அங்கிருந்து சேரன்மகாதேவி ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். பேருந்தில் முக்கால் மணி நேரம் ஆகும். சன்னலோர இருக்கை கிடைத்தால் விடாதீர்கள். கார்ப் பருவ நெல் நடவுக்கு நீர் கட்டிய வயல்களைப் பார்த்துக்கொண்டே போகலாம். மேற்கிலிருந்து வரும் காற்று வாழை இலைகளைக் கிழித்துக்கொண்டிருந்தது.

சேரன்மகாதேவியில் இறங்கியதும், திருமண மண்டபத்துக்கு ஆட்டோ எண்பது ரூபாய். ஓட்டுநர் என்னைவிட இளையவர், பேச்சில் பிரியமானவர்.

"மாப்பிள வீடா, பொண்ணு வீடா அண்ணாச்சி?"

"பெண்ணுக்குத் தாய்மாமன்."

"அப்ப உங்க பாடு கொண்டாட்டந்தான்!"

மண்டபத்துக்குச் சற்று முன், கால்வாய்ப் பாலத்தை ஒட்டிச் சாலை சட்டென மடங்குகிறது. எதிரே வரும் வண்டியைக் காட்ட அங்கே ஒரு குவிந்த கண்ணாடியைக் கம்பத்தில் பொருத்தியிருக்கிறார்கள். அன்று அது தெரியவில்லை. அதை மறைத்துக்கொண்டு ஒரு பிளக்ஸ் பதாகை நின்றது. மணமக்களைச் சுற்றி உறவினர் முகங்கள். அவற்றுள் பெரியது என்னுடையது. கீழே என் பதவியையும் அச்சிட்டிருந்தார்கள்.

"அண்ணாச்சி, அது நீங்கள்லா!" என்று ஓட்டுநர் சிரித்தபோதே, வாழைத்தார் ஏற்றிய லாரி ஒன்று நடுச்சாலையில் எங்கள் முன் வந்துவிட்டது. அவர் கைப்பிடியை ஒடித்து ஆட்டோவைக் கால்வாய்ப் பக்கம் இறக்கினார். லாரி எங்கள் கூரைத் துணியை உரசிக்கொண்டு போயிற்று. எங்கள் முன்சக்கரம் கரை விளிம்பில் நின்றது.

அவர் வண்டியை அணைத்துவிட்டு இறங்கிச் சக்கரத்தைப் பார்த்தார். பிறகு அவர் சொன்னார்: "எப்பவும் கண்ணாடியப் பாத்துத்தான் திரும்புவேன். இன்னைக்கு உங்க மூஞ்சியப் பாத்துட்டேன்."

மாலை ஐந்து மணிக்கு மாப்பிள்ளை வீட்டு வேன் அதே வளைவில்தான் திரும்ப வேண்டும். மண்டபத்தில் நுழைந்ததும் அக்காள் கணவரிடம் போனேன்.

"அத்தான், அந்தப் பதாகையை உடனே இறக்க வேண்டும்."

"கல்யாணத்துக்கு மொத நாளா? நல்லாருக்குவே உம்ம பேச்சு! முகம் போட்ட படத்த இறக்குனா சகுனம் என்னத்துக்காவும்? நாளைக்கு என் தம்பிமாரு ஒருத்தன் பந்தியில உக்காருவானா?"

வளைவிலிருந்து விட வேண்டிய தூரத்தையும், பெற வேண்டிய அனுமதியையும் வரிசையாகச் சொன்னேன்.

"சட்டத்த மதுரையிலயே வச்சிட்டு வரக்கூடாதா மாப்ள?"

ஆட்டோ நின்ற இடத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த அக்காள் கையிலிருந்த பூக்கூடையைக் கீழே வைத்தாள். "மாப்பிள வீட்டு வேனும் அந்த வழியாத்தான வருது? நீங்க மவ கழுத்துல தாலி ஏறணும்னு நெனைக்கியளா, மூஞ்சி காட்டணும்னு நெனைக்கியளா?"

அத்தான் துண்டை உதறித் தோளில் போட்டார். "இறக்குதேன். ஆனா மடக்கக் கூடாது, தரையில போடக் கூடாது. முகம்லா."

எனவே எட்டுப் பேர் அதை நிமிர்த்திப் பிடித்தபடியே நடந்தோம். காற்று பதாகையைப் பாய்மரம்போல் உப்பச் செய்து எங்களை இழுத்தது. அப்போதுதான் வந்திறங்கிய நாகஸ்வரக்காரர்கள், சீர் வருகிறதென்று எண்ணி வாசிக்கத் தொடங்கினார்கள். அத்தானே சிரித்துவிட்டார். பந்திக்கூடத்துச் சுவரில் அதை மாட்டினோம்.

ஐந்து மணிக்குப் பாலத்தருகே போய் நின்றேன். வேன் வந்தது. எதிர்ப்புறம் ஒரு டவுன் பஸ். வேன் ஓட்டுநர் கண்ணாடியைப் பார்த்து நின்றார். பஸ் போனபின் திரும்பினார். உள்ளே யாரோ பாடிக்கொண்டிருந்தார்கள். நான் கைகூப்பியதை மாப்பிள்ளை வீட்டார் வரவேற்பென்று எண்ணியிருப்பார்கள்.

மறுநாள் அடுத்த பந்திக்குக் காத்திருந்தவர்கள் அனைவரும் பதாகையில் தத்தம் முகத்தைத் தேடிக்கொண்டிருந்தார்கள். "ரோட்டுல எவனும் இவ்வளவு நேரம் பாத்துருக்க மாட்டான்வே," என்றார் அத்தான்.

பலகை வைப்பவரின் மகிழ்ச்சியைக் கெடுக்க விதிகள் வரவில்லை. சாலையில் ஒருவர் கண்டே தீர வேண்டியவை சில உண்டு: எதிர்வரும் வண்டி, வேகத்தடை, குறுக்கே நடப்பவர். அவற்றுக்கு முன்னால் வேறெதுவும் நிற்கலாகாது. வைத்த பலகை காற்றில் சாயவும் கூடாது. மற்றபடி ஊரில் சுவர்களுக்கா பஞ்சம்?

செல்வோருக்கு: ஆனி, ஆடியில் காற்று கடுமை, இருசக்கர வண்டியில் பையப் போங்கள். கால்வாய் வளைவில் ஒலிப்பானை அடித்துத் திரும்புங்கள். என்னைக் காத்த ஓட்டுநருக்கும், இறக்கித் தந்து சிரித்தும்விட்ட அத்தானுக்கும், கேட்ட கேள்வியிலேயே முடித்துவைத்த அக்காளுக்கும் நன்றியுடையேன்.

வரும் திங்கட்கிழமை முதல், அனுமதி மறுக்க வேண்டிய ஒவ்வொரு விண்ணப்பதாரரையும் அவர் கேட்ட இடத்துக்கே அழைத்துச் செல்வேன். பலகை நிற்கவிருக்கும் இடத்தில் நான் நின்றுகொண்டு, சாலை தெரிகிறதா என்று அவரையே கேட்பேன்.