விமானம் வராத முற்பகல்

எம். புதுப்பட்டியில் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வெடிமருந்து காயப்போடும் மேடையில் கடிகாரம் இல்லை. மதுரையிலிருந்து கிளம்பும் விமானம் தினமும் முற்பகலில் எங்கள் தலைக்கு மேலே, மினுங்கிக்கொண்டு அவசரமில்லாமல் போகும். அந்தச் சத்தம் கேட்டதும் மருந்தை நிழலுக்கு எடுத்துவிடுவோம். அதற்கு மேல் சூடேறினால் ஆபத்து.

"நாலு பேருதான் ஏறுதாகளாம். பஸ்ஸா இருந்தா பாதி வழியில எறக்கி விட்டிருப்பாக" என்பாள் கூட வேலை செய்யும் பொன்னுத்தாய் மதினி.

ஒருநாள் அந்தச் சத்தமே இல்லை. மரத்தடியில் வானத்தைப் பார்த்தபடி கிடந்தேன். மேகம்கூட நகரவில்லை. கண் செருகியது.

"கால் பொசுங்குது, நான் எடுக்கப்போறேன்" என்று மதினி எழுந்தாள்.

"இருங்க மதினி, இன்னும் பிளேன் போகல" என்றேன்.

"நீங்க பிளேனப் பாருங்க கொளுந்தனாரே" என்று நடந்தாள்.

அவள் போய்ச் சேர நாலு எட்டு தூரம் இருக்கையில் மருந்து பற்றிக்கொண்டது. மேடையே தீயாக எரிந்தது. அவள் சேலை நுனி மட்டும் கருகியது.

"ஆள் சேரலன்னு அந்தப் பிளேன நிறுத்திப்புட்டாங்களாம்லே, பேப்பர்ல போட்டிருக்கு" என்றார் போர்மேன்.

இப்போது ஒரு கம்பு நட்டு, அதன் நிழலை வைத்து நேரம் பார்க்கிறோம். விமானத்தை மறுபடி விட்டிருக்கிறார்கள். மருந்தை எடுத்து வைத்த பிறகுதான் அண்ணாந்து பார்க்கிறேன்.