ஆபீசுக்குத் தேத்தண்ணி கொண்டுபோனவள்

நான் ஐந்தாம் வகுப்புவரைதான் படித்தவள். வரியைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று கேட்பீர்கள். தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணிமாருக்கு வரி சொல்லிக்கொடுத்த வகுப்பு ஒன்றை ஒரே ஒரு நாள் கதவோரம் நின்று கேட்டேன். கேட்டதை வைத்து ஒரு காரியமும் செய்தேன். அதைத்தான் எழுதுகிறேன்.

கொடகவெலவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். தோட்டங்கள் கம்பெனிகளின் கைக்குப் போய்ச் சில வருஷம் ஆகியிருந்தது. தோட்டத்தை நடத்தும் துரையின் பங்களாவில் சமையலுக்கு ஒரு பெரியவர் இருந்தார். அவருக்குக் கைவேலை செய்யவும் வீடு கூட்டவும் நான். துணி துவைக்கவும் சாமான் கழுவவும் இன்னொருத்தி, என்னைவிட இளையவள். மலையில் கொழுந்து எடுக்கையில் தண்ணி ஓடும் கானுக்குள் விழுந்து அவளுக்கு முழங்கால் போய்விட்டது. ஏற்றம் ஏற முடியாது என்பதால்தான் பங்களாவில் போட்டிருந்தார்கள். காலையில் பத்து மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் ஆபீசுக்குத் தேத்தண்ணி கொண்டுபோவதும் அவள்தான். சமதரைப் பாதை என்பதால் நொண்டிக்கொண்டே போய் வருவாள்.

நாங்கள் பங்களாவில் நின்றாலும் சம்பளத்துக்குப் பேர் போடும் செக்ரோல் புத்தகத்தில் மலையில் வேலை செய்ததாகத்தான் பேர் விழும். சமையல்காரருக்குப் புல்வெட்டு, எங்கள் இருவருக்கும் கொழுந்து. யாருக்கும் அது பிழையாகத் தெரியவில்லை.

அந்த வகுப்பைப் பங்களாவின் பெரிய கூடத்தில் வைத்தார்கள். சுற்றுவட்டாரத் தோட்டங்களின் கிராணிமார் ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். சொல்லிக்கொடுக்கக் கொழும்பிலிருந்து வரி தெரிந்த ஒரு சிங்கள ஐயா, ஒரு மாத்தயா, வந்திருந்தார். அவர் பேசியது சிங்களத்தில். எனக்குச் சிங்களம் நன்றாக விளங்கும். ஆனால் நான் எந்தப் பாஷையிலும் அதிகம் வாய் திறக்காதவள் ஆகையால், எனக்கு எதுவும் விளங்காது என்றே எல்லாரும் நினைத்திருந்தார்கள்.

பலகையில் ஒரு பங்களா படம் போட்டார். பக்கத்தில் ஒரு கார். துரைமாருக்குக் கையில் கொடுக்கிறது மட்டும் சம்பளமில்லை என்றார். இருக்கிற வீடு, ஓடுகிற வாகனம், எரிகிற கரண்ட், வீட்டில் நிற்கிற வேலையாட்கள் எல்லாமே சம்பளத்தோடு சேர்த்தி. அதற்கும் வரி பிடித்துக் கட்ட வேண்டியது கம்பெனியின் பொறுப்பு. வேலையாளை மலைக் கணக்கில் ஒளித்துவைத்துப் பிடிபட்டால் தண்டம்.

எங்கள் தோட்டத்துப் பெரிய கிராணி எழுந்தார். "அப்ப தொரையோட நாயி எந்தக் கணக்குங்க?"

"நாய் அவருடைய சொந்தம். நாய்க்குச் சோறு போடுகிறவன் கம்பெனி ஆள் என்றால் கணக்கில் வரும்."

"நல்ல வேள. நாய்க்கும் பேர் போடச் சொல்லுவீங்களோன்னு பயந்துட்டேன்." எல்லாரும் சிரித்தார்கள்.

கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்த நான், மாத்தயா அடுத்துச் சொன்னதைத்தான் காதில் பிடித்துக்கொண்டேன். பங்களாவில் நின்றாலும் ஆபீஸ் வேலை பார்க்கிற ஆள் துரை கணக்கில் வராது, அது தோட்டத்துச் செலவு என்றார். எனக்கு உடனே புரிந்தது. வரி கூடும் என்பதால் துரை தன் கணக்கில் மூன்று பேரை ஏற்கப்போவதில்லை. சமையல்காரர் இல்லாமல் முடியாது. ஆபீஸ் ஆளும் தப்பிக்கும். மிச்சமுள்ளவள் மலைக்கு. மிச்சமுள்ளவள் நான்.

மறுநாள் பத்து மணிக்கு அவள் கையிலிருந்த தேத்தண்ணிக் கூடையை வாங்கினேன்.

"நீ இரு புள்ள. நான் கொண்டு போறேன்."

"ஏன்க்கா, ஒங்களுக்கு வேல இல்லியா?"

"ஒன் காலு வீங்கியிருக்கு. கொஞ்ச நாளைக்கு நானே போறேன்."

அவள் கண் கலங்கிவிட்டது. "கூடப்பொறந்தவகூட இப்புடிப் பாக்க மாட்டாக்கா" என்றாள்.

மூன்று வாரம் நானே கொண்டுபோனேன். மாத முடிவில் பெரிய கிராணி ஒரு கணக்குக் கொப்பியோடு, நாங்கள் சமைக்கும் குசினிப் பக்கம் வந்தார். எங்களை நிறுத்தி, யார் யாருக்கு என்ன வேலை என்று கேட்டார்.

"ஆபீஸ் வேல நான்தாங்க" என்றேன். என் வாயிலிருந்து சத்தமாக வந்த வார்த்தை அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

அவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "முந்தி இவதானே கொண்டாந்தா?"

"அவளுக்குக் காலு ஏலாதுங்க."

பொய் இல்லை. அதனால்தான் இன்றைக்கும் அது என்னை அறுக்கிறது. பக்கத்தில் நின்ற அவளும் தலையாட்டினாள். "ஆமாங்க. அக்காதான் பாவம், எனக்காக நடக்குது."

அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார். அடுத்த மாதம் முதல் அவள் மலைக்குப் போனாள். காலையில் மற்றவர்கள் பேர் கொடுக்கும் பிரட்டுக்குப் புறப்படுவதற்கு முன்பே, கால் இழுக்கும் என்று, இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு அவள் தனியாக இறங்கிப் போவதைக் குசினி ஜன்னலால் பார்ப்பேன். என் காலில் ஒரு குறையும் இல்லை. மலை ஏறிப் பல வருஷமாகியிருந்தது, அட்டைக்கும் மழைக்கும் பயம், அவ்வளவுதான்.

மழைக்காலத்தில் ஒரு நாள் நாங்கள் குடியிருக்கும் லயத்தில், தண்ணி பிடிக்கும் பீலிக்கரையில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"அக்கா, நீங்க தெனம் ஆபீஸ் போறீங்கதானே. பெரிய கிராணிகிட்ட எனக்காக ஒரு வார்த்த சொல்லுங்கக்கா. தேயில அரைக்கிற ஸ்டோர்ல எல பொறுக்குற வேலயாச்சும் குடுக்கச் சொல்லுங்க. கங்காணி ஏசுறான்கா, ஏற முடியல."

"சொல்றேன்" என்றேன். உண்மையிலேயே சொல்ல நினைத்துத்தான் போனேன். மேசையில் கோப்பையை வைத்துவிட்டு நகராமல் நின்றேன். கிராணி நிமிர்ந்தார்.

"என்ன?"

அவளைப் பற்றி வாய் திறந்தால், ஆபீஸ் வேலையை அவளிடமே திருப்பிக் கொடு என்று சொல்லிவிடுவாரோ என்று தோன்றியது.

"பால்மா முடியப்போவுதுங்க" என்றேன்.

"அதுக்கா இவ்வளவு நேரம் நின்ன?" என்று சிரித்துவிட்டு, கடைக்குத் துண்டுச்சீட்டு எழுதிக் கொடுத்தார்.

சாயங்காலம் வழியிலேயே காத்திருந்தாள். "சொன்னீங்களாக்கா?"

"சொன்னேன். பாப்போம்னாரு."

ஸ்டோர் வேலை அவளுக்குக் கிடைக்கவில்லை. பங்களாவுக்கும் அவள் திரும்பவில்லை. ஆனால் அந்தச் சாயங்காலமே பீலிக்கரையில் இருந்தவர்களிடம் எல்லாம் சொல்லியிருக்கிறாள். "வாயே தொறக்காத மனுசி, எனக்காகப் பெரிய கிராணிகிட்டப் பேசியிருக்கு."

நான் தண்ணிக்குப் போனபோது பெண்கள் விலகி எனக்கு முதலில் இடம் விட்டார்கள். குடத்தை வைத்து நிறைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.